பல்வலியும் ஸ்பானிஷும் ஒரு மூலை வயலும்

வலங்கைமான் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தா காலம் வரைக்கும் எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். அப்பா காலத்தில்தான் குத்தகைக்கு நிலம் பிடித்தோம். நான் தஞ்சாவூரில் முதுகலை நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ்வழி என்பதால், கல்லூரியில் சேர்ந்ததிலிருந்தே வகுப்பில் வாயை மூடிக்கொண்டு உட்காரப் பழகியிருந்தேன். கேள்விக்கு விடை தெரியும். அதை மனதுக்குள் ஆங்கிலத்தில் கட்டி முடிப்பதற்குள் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். ஆசிரியர்கள் என்னை அமைதியான பெண் என்று நினைத்தார்கள். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இது எவ்வளவு பெரிய தவறு என்று சொல்லியிருப்பார்கள்.

இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்பெயின் நாட்டில் வலென்சியா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரு பருவம் படிக்கலாம். பாடம், நெல் வயல் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். கூடவே ஸ்பானிஷ் மொழி கட்டாயம். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எங்கள் வகுப்பில் பலர் விலகிக்கொண்டார்கள். நான் அதே வரியைப் பார்த்துத்தான் பெயர் கொடுத்தேன். ஆங்கிலத்தில் எல்லோரும் எனக்கு வெகு முன்னால் போய்விட்டவர்கள். ஸ்பானிஷில் எல்லோரும் என்னோடு ஒரே கோட்டில் நிற்கிறார்கள். இதில் தோற்றாலும் யாரும் சிரிக்க முடியாது என்று நினைத்தேன்.

இடம் கிடைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அங்க சோறு கெடைக்குமா?" என்றார்.

"நெல்லு வெளையிற ஊருன்னுதானே சொல்றா. சோறு இல்லாமலா இருக்கும்?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "அங்க எந்த ஆத்துப் பாசனம்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்துச் சொன்னேன். கடலோரம் பெரிய ஏரி ஒன்று, அதைச் சுற்றி வயல்கள், ஆற்றிலிருந்து வாய்க்கால் என்று. வாய்க்கால் என்றதும் அப்பாவுக்குப் பாதி சம்மதம் வந்துவிட்டது.

புறப்படும் வரை மாலை வேளைகளில் ஸ்பானிஷ் வகுப்பு நடந்தது. சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை கணினித் திரையில் வருவார். முதல் வாரத்திலேயே அவர் என்னை நிறுத்தி, "நீ இதுக்கு முன்னாடி எங்கயாவது கத்துக்கிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். மற்றவர்கள் மூச்சைத் தள்ளி 'ப', 'த', 'க' சொல்ல, நான் தமிழில் சொல்வது போலவே சொல்லியிருக்கிறேன். ஸ்பானிஷுக்கு வேண்டியதும் அதுதானாம். 'பேரோ' என்றால் ஆனால். 'பேர்ரோ' என்றால் நாய். நாக்கை உருட்டி அந்த இரண்டாவதைச் சொல்லச் சிலர் பாடாய்ப் பட்டார்கள். எனக்கு அது மாட்டை ஓட்டுகிற சத்தம் மாதிரி சுலபமாக வந்தது. தஞ்சாவூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஒருமுறை பக்கத்தில் இருந்த அக்கா, "என்ன மந்திரம்மா அது?" என்று கேட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

வலென்சியாவில் இறங்கியதும் இந்தத் தைரியமெல்லாம் காணாமல் போயிற்று. திரையில் நிதானமாகப் பேசிய ஸ்பானிஷ் வேறு. அங்கே தெருவில் கொட்டிய ஸ்பானிஷ் வேறு. மொழி வகுப்பில் பல நாட்டு மாணவர்கள் இருந்தார்கள். எல்லோரும் ஆங்கிலத்தில் சேர்ந்து சிரித்தார்கள். நான் மறுபடியும் அமைதியான பெண்ணாகிவிட்டேன்.

ஆய்வகத்தில் எனக்குத் துணையாக ஒரு பெண்ணைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். என் வயதுதான். நான் இணையத்தில் பார்த்துச் சொன்ன அதே ஏரிக்கரையில் நெல் விவசாயம் செய்யும் குடும்பம். எங்கள் பரிமாற்றத் திட்டத்தின்படி இந்தப் பருவம் நான் அங்கே படிக்க, அடுத்த ஜூனில் குறுவை நெல் சாகுபடிக்கு அவள் எங்கள் ஊருக்கு வரவேண்டும். இங்கே அவளைத் தோழி என்றே சொல்லிக்கொள்கிறேன். மழை பெய்கிற மாதிரி பேசுவாள். நான் தலையை ஆட்டுவேன். தலையாட்டலை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஏதோ ஒரு வேலையைச் செய்யப் போய்விடுவாள். எதற்குச் சம்மதித்தேன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஒருமுறை இப்படித்தான் குளிர்பதன அறை முழுவதையும் சுத்தம் செய்ய ஒத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி போனில் அம்மா, "எப்படிடி இருக்கு?" என்பார். "நல்லாருக்கும்மா" என்பேன். அந்த ஊர்ச் சோற்றைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்வேன். அகலமான இரும்புச் சட்டியில் அரிசியைக் கிண்டாமல் வேகவிட்டு, அடியில் பிடித்த பொருக்கைச் சுரண்டி ஆசையாகச் சாப்பிடுகிறார்கள் என்றேன்.

"தீஞ்ச சோத்தையா?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் போட்டியே நடக்குது."

"போட்டியா!" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் அடிப்பிடித்தால் வாங்கிய திட்டெல்லாம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் பல்வலி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விழிக்கும்போதே வலது பக்கக் கடைவாய்ப் பல் தெறித்தது. தோழி ஊருக்குப் போயிருந்தாள். மருந்துக்கடை ஒன்று திறந்திருந்தது. வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே போக வேண்டும் என்று நினைத்தேன். வலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்து என்ன வேண்டும் என்றதும் வாய் தானாகப் பேசியது.

"மே துவேலே லா முவேலா."

எனக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. அவ்வளவுதான். அவர் எத்தனை நாளாக என்று கேட்டார். சொன்னேன். வீக்கம் உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார். அதற்கும் சொன்னேன். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, நாளைக்கே பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்று விரலை நீட்டிக் கண்டிப்பாகச் சொன்னார். அதுவும் புரிந்தது. தெருமுனை வரை வந்த பிறகுதான் நான் பேசியிருக்கிறேன் என்பதே உறைத்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தேன். சிரித்தால் இன்னும் வலித்தது.

மறுநாள் பல்லைக் காட்டிவிட்டு, பாதி மரத்த வாயோடு மொழி வகுப்புக்குப் போனேன். அன்றைக்குப் பாடமே அந்த வாக்கிய அமைப்புதான். காபி பிடிக்கும் என்று சொல்ல அவர்கள் மொழியில் 'நான்' வராது, 'எனக்கு'தான் வரும். தலை வலித்தாலும் 'எனக்கு'தான். ஆங்கிலத்தில் யோசித்தவர்களுக்கு இது பிடிபடவே இல்லை. விரும்புகிறவன் நான்தானே, வாக்கியத்தில் நான் எங்கே போனேன் என்று ஒரு மாணவன் கேட்டான். ஆசிரியர் பலகையில் அம்புக்குறியெல்லாம் போட்டு விளக்கினார்.

நான் கையைத் தூக்கினேன். எந்த வகுப்பிலும் யாரும் கேட்காமல் நானாகக் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

"எங்க மொழியிலயும் இப்படித்தான்" என்று ஸ்பானிஷில் சொன்னேன். "பசி, வலி, பிடிக்கிறது எல்லாம் நாம செய்றது இல்ல. நமக்கு வர்றது."

ஆசிரியர் சாக்பீஸை என்னிடம் நீட்டினார். பலகையில் 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று தமிழில் எழுதி, அதற்கு நேர் கீழே ஸ்பானிஷ் வாக்கியத்தை எழுதினேன். இத்தனை நாளும் தமிழை எடுத்து ஆங்கிலத்தில் போட்டு, அதிலிருந்து ஸ்பானிஷுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன் என்பது அங்கே நின்றபோது புரிந்தது. நடுவில் இருந்த படியை எடுத்துவிட்டால் போதும். அன்றிலிருந்து நேராகத் தாவினேன். விழுந்தேன், நிறையவே விழுந்தேன். ஆனால் பேசினேன். ஆய்வகத்தில் தோழி ஒருநாள் வேலையை நிறுத்திவிட்டு, "நீ இவ்வளவு பேசுவேன்னு யாரும் என்கிட்ட சொல்லல" என்றாள். அதில் கொஞ்சம் குறையும் கலந்திருந்தது.

எங்கள் வேலை, வயல் மண்ணிலிருந்து வரும் மீத்தேன் வாயுவை அளப்பது. தண்ணீர் தேங்கிய சேற்றில் காற்று புகாது. அங்கே வாழும் சில நுண்ணுயிர்கள் மக்கும் வைக்கோலைத் தின்று அந்த வாயுவை விடுகின்றன. அது பூமியைச் சூடாக்கும். வயலில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, உள்ளே சேரும் காற்றை ஊசிக் குழலால் உறிஞ்சி ஆய்வகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த ஊரில் அறுவடை முடிந்ததும் குளிர்காலத்தில் வயல்களில் தண்ணீர் கட்டி வைக்கிறார்கள். அறுத்த தாள் அப்படியே உள்ளே கிடந்து அழுகும். அளக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

நவம்பர் மாதம் ஒருநாள், தோழி வண்டியிலிருந்து மீதிப் பெட்டிகளை எடுத்துவரப் போயிருந்தாள். முழங்கால் தண்ணீரில் நான் மட்டும் நின்றிருந்தேன். வரப்பில் ஒரு பெரியவர் வேகமாக வந்தார். அடுத்த வயல்காரர். முதலில் அந்த வட்டாரத்து மொழியில் ஏதோ சத்தம் போட்டார். அது ஸ்பானிஷுக்கு உறவு, ஆனால் ஸ்பானிஷ் இல்லை. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்பானிஷுக்கு மாறினார்.

"யாரு அனுப்பினாங்க உங்கள? வைக்கோலை எரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. சரின்னோம். இப்ப தண்ணியும் கட்டக் கூடாதுன்னு சொல்லப் போறீங்களா?"

வாயு, அளவு, ஆய்வு என்று நான் படித்திருந்த சொற்கள் எதுவும் வரவில்லை. வந்தது வேறு.

"எங்க அப்பாவும் நெல்லுதான் போடுறாரு" என்றேன்.

அவர் நின்றார். "எங்க?"

"இந்தியாவுல. ஆத்துத் தண்ணி கடலுக்குப் போற இடத்துல."

"கையாலயா நடுறீங்க?"

"பெரும்பாலும் கையாலதான். பெண்கள் நடுவாங்க. எங்க அம்மாவும் நடுவாங்க. அறுக்க மெஷின் வருது."

"எங்க அம்மாவும் நட்டவங்கதான்" என்றார். இப்போது அங்கே யாரும் நாற்று நடுவதில்லை, விதையைத் தூவிவிடுகிறார்கள். அவர் வரப்பிலேயே உட்கார்ந்துகொண்டார். "வைக்கோலை என்ன பண்ணுவீங்க?"

"மாடு தின்னும். கட்டுக் கட்டா லாரியில போகும். வைக்கோலுக்காகவே வீட்டு வாசலுக்கு ஆள் வருவாங்க."

அவர் சிரித்ததைப் பார்த்தால் நான் பொய் சொல்கிறேன் என்று நினைத்தது போல இருந்தது. தோழி பெட்டிகளோடு ஓடி வந்தபோது, நான் போனில் எங்கள் வீட்டு வைக்கோல் போரின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது அவர், தன் வயலிலும் ஒரு பெட்டி வைத்துப் பார்க்கச் சொன்னார். தண்ணீர் கட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதே என்று என்னிடம் தனியாகக் கேட்டுக்கொண்டார். உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்றேன். அதற்கு அவர் தோளைக் குலுக்கினார்.

ஜூனில் மேட்டூர் அணை திறந்து, எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரத்திலேயே தோழியும் வந்து சேர்ந்தாள். தஞ்சாவூரில் விடுதி கொடுத்திருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா அவளிடம் தமிழிலேயே பேசினார். அவள் ஸ்பானிஷில் பதில் சொன்னாள். இட்லி எத்தனை என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு வரவே இல்லை.

இந்தப் பருவத்து வேலை கொஞ்சம் சிக்கலானது. வயலில் எப்போதும் தண்ணீர் நிற்காமல், நடுநடுவே வற்றவிட்டுப் பிறகு பாய்ச்சினால் வாயு குறைகிறதா, விளைச்சல் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு விவசாயி சம்மதிக்க வேண்டும். அப்பா சம்மதிப்பார் என்று நான்தான் பல்கலைக்கழகத்தில் சொல்லியிருந்தேன். அவரிடம் கேட்காமலே.

வரப்பில் நின்று அப்பா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"வத்த விடுறதா?" என்றார். "தண்ணி வத்தினா மொதல்ல வர்றது களை. களை எடுக்க ஆள் நீ கூட்டியாருவியா? அதுவும் முறை வச்சு விடுற தண்ணி. நான் மடையை அடைச்சிட்டு உக்காந்திருந்து, வேணுங்கறப்ப தண்ணி வரலைன்னா யாரப் போயி கேக்குறது?"

இதை எப்படித் தோழிக்குச் சொல்வது என்று யோசித்தேன். கொஞ்சம் மழுப்பிச் சொல்ல ஆரம்பித்ததும் கண்டுபிடித்துவிட்டாள்.

"முழுசா சொல்லு."

முழுசாகச் சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "எங்க அப்பாவும் இதையேதான் சொன்னாரு. களைன்னுதான் ஆரம்பிச்சாரு."

அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் முகம் மாறியது. "அப்புறம் அவங்க அப்பா என்ன பண்ணாராம்?"

"இன்னும் ஒத்துக்கலியாம்."

"வெவரமான மனுஷன்" என்றார் அப்பா. தோழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சரி. வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்ப முடியாது. அந்த மூலைத் துண்ட எடுத்துக்குங்க. போர்செட்டு பக்கத்துல இருக்கு. கெட்டுப்போனா அதோட போவட்டும்."

மூலை வயலில் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மண்ணில் இறக்கினோம். மேலே தண்ணீர் வற்றினாலும், அடியில் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பது குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தெரியும். நட்ட பயிர் பச்சை பிடித்ததும் மடையை அடைத்தோம். ஆடிக் காற்று அடிக்கும் நேரம். நான்கைந்து நாளில் மேலே தண்ணீர் போய்ச் சேறு இறுகியது. பிறகு முடி போல வெடிப்பு விட்டது. சுற்றிலும் எல்லா வயலும் தண்ணீரில் மினுங்க, இது மட்டும் மண்ணாகக் கிடந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

"அந்தப் பயிரு நம்மளப் பாத்து ஏதோ கேக்குற மாதிரியே இருக்குடி" என்றார் அம்மா.

அதற்கு மறுநாள் காலை, பெட்டியோடு போனபோது மூலை வயல் நிறையத் தண்ணீர். மடை திறந்திருந்தது. அப்பா வரப்பில் நின்றிருந்தார்.

"நீங்களா தொறந்தீங்க?"

"பாக்க மனசு வரல" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்தச் சுற்று அளவு வீண். இந்தப் படிப்புக்காக எங்கெங்கோ போய்வந்து, கடைசியில் நம்ம வயலிலேயா என்று கத்தினேன். அப்பா வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். அது இன்னும் கோபத்தை ஏற்றியது. தோழிக்கு எதையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவள் மடையை அடைத்துவிட்டு வந்து, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மூவரும் வீட்டுக்குப் போனோம்.

மறுபடி வற்ற விட்டோம். மறுபடி வெடிப்பு விட்டது. அன்றைக்குத் தோழி அப்பாவை வயலுக்குள் கூப்பிட்டாள். குழாயைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். ஒரு சாண் கீழே தண்ணீர் கறுப்பாக மின்னியது. அவள் வெடிப்புக்குள் விரலை விட்டு எடுத்து ஈரத்தைக் காட்டினாள்.

"தண்ணி இருக்கு அப்பா" என்றாள் தமிழில். "வேருக்கு இருக்கு."

அந்தச் சொற்களை நான் சொல்லித்தரவில்லை. அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். அப்பாவும் விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த நாள் காலை நாங்கள் போவதற்கு முன்பே குழாயடியில் குனிந்து நின்றிருந்தார். அதற்கப்புறம் எப்போது பாய்ச்சலாம் என்பதை அவரே வந்து எங்களிடம் சொல்ல ஆரம்பித்தார். களை வரத்தான் செய்தது. நானும் தோழியும் இறங்கி எடுத்தோம். என் தோழிக்கு இடுப்பு வலி வந்தது. "எனக்கு இடுப்பு வலிக்குது" என்று சரியான தமிழில் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

செப்டம்பரில் அவளுக்கு அங்கே வகுப்பு தொடங்கியதால் அறுவடைக்கு இருக்க முடியவில்லை. திருச்சி விமான நிலையத்தில் அம்மா அவள் தலையைத் தடவி, "அடுத்த தடவை ஒடம்பு தேறி வா" என்றார். மெஷின் வந்து அறுத்தபோது மூலை வயலைத் தனியாக அறுக்கச் சொன்னோம். விளைச்சல் கூடிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கூடவில்லை. மற்ற வயல் மாதிரியே இருந்தது. அப்பாவுக்கு அதுவே பெரிய செய்தி. தண்ணீர் குறைத்துப் பாய்ச்சியும் நெல் குறையவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாயு குறைந்திருந்தது என்று நான் சொன்னதை, "அதுவும் நல்லதுதான்" என்று ஏற்றுக்கொண்டார்.

இப்போது தஞ்சாவூரிலேயே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆண்டில் சில மாதம் வலென்சியாவிலும் வேலை. ஆங்கிலக் கருத்தரங்குகளிலும் எழுந்து பேசுகிறேன். பிழை விடுகிறேன், திருத்திக்கொள்கிறேன், மேலே போகிறேன். இந்தக் குறுவைக்கு அப்பா பாதி வயலை வற்றப் போட்டுப் பாய்ச்சுகிறார். பக்கத்து வயல்காரர்கள் சிலர் குழாய் கேட்டிருக்கிறார்கள். கடையில் நீளக் குழாய் வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து அறுத்து, நானும் அப்பாவும் துளை போட்டுக்கொண்டிருக்கிறோம். நாளைக் காலை வெயில் ஏறுவதற்குள் வாய்க்காலுக்கு அந்தப் பக்க வயல்களில் இறக்கிவிட வேண்டும்.